ஒற்றைப்படை இடங்களில் இருந்த ஓட்டை

“குறியாக்கம் எப்படி நடக்கிறது என்பதையே வெளியில் சொல்லிவிட்டால் திருடனுக்கு வசதிதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாவியை மறைக்கத்தான் வேண்டும். முறையையும் சேர்த்து மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மைஃபேர் கிளாசிக் சிப்பின் கதையே போதும்.

லண்டனின் ஆய்ஸ்டர், நெதர்லாந்தின் ஓவி-சிப்கார்ட் பயண அட்டைகளில் இருந்தது இந்தச் சிப்தான். உள்ளே ஓடிய ‘கிரிப்டோ-1’ முறையைத் தயாரித்தவர்கள் வெளியிடவே இல்லை. 2007-இல் கார்ஸ்டன் நோல் என்ற ஆய்வாளரின் குழுவினர் சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படம்பிடித்துச் சுற்றைப் படித்துவிட்டார்கள்.

சாவி 48 பிட், அதாவது 48 பூஜ்யங்களோ ஒன்றுகளோ கொண்ட வரிசை. சுமார் 281 லட்சம் கோடி சாத்தியங்கள். 48 பிட்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு துடிப்பிலும் எல்லாம் ஓரிடம் நகர, முனையில் புது பிட் ஒன்று நுழையும். அவற்றில் 20 இடங்களை மட்டும் பார்த்து ஒரு வெளியீட்டு பிட் பிறக்கும். செய்தியை மறைப்பது அதுதான். இங்கேதான் வேடிக்கை: அந்த 20 இடங்களும் ஒன்று விட்டு ஒன்று, எல்லாமே ஒற்றைப்படை இடங்கள்! ஒரு துடிப்பில் ஒற்றைப்படைப் பிட்டுகள் மட்டும் பேசும். அடுத்த துடிப்பில் எல்லாம் ஓரிடம் நகர்ந்திருக்கும். இப்போது பேசுபவை இரட்டைப்படையில் நின்றவை. ஆக, இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத் தேடலாம். 20 பிட்டுக்குப் பத்தரை லட்சம் சாத்தியங்கள்தான். முதல் வெளியீடே அதில் பாதியைக் கழித்துவிடும். அப்புறம் புதிதாக வரும் ஒவ்வொரு பிட்டும் பட்டியலை இரட்டிப்பாக்கும், அடுத்த வெளியீடு மறுபடி பாதியாக்கும். பட்டியல் வீங்கவே வீங்காது. கடைசியில் இரு பட்டியல்களிலும் பொருந்தும் ஜோடியைப் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் சாவி கையில். சாதாரணக் கணினியில் ஒரு விநாடிகூட ஆகாது.

முறை வெளியில் இருந்திருந்தால் இதை ஏதாவதொரு ஆராய்ச்சி மாணவரே பார்த்துச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம். இன்று பரவலாகப் பயன்படும் ஏ.இ.எஸ். என்ற குறியாக்கத் தரம் அப்படித்தான் தேர்வானது. 1997-இல் அமெரிக்கத் தர நிறுவனம் அழைப்பு விடுத்தது. ஏற்கப்பட்ட 15 முறைகளைப் போட்டியாளர்களே ஒருவர் மாற்றி ஒருவர் குடைந்தார்கள். தாக்குப்பிடித்து வென்ற பெல்ஜியக்காரர்கள் இருவரின் ரைன்டால் 2001-இல் தரமானது. இன்று நம் போன்களிலும் வங்கிச் செயலிகளிலும் ஓடுவது அதுதான். ‘எங்கள் ரகசிய அல்காரிதம்’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாயத்து விற்பவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பிரித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

கிரிப்டோ-1 பற்றிய ஆய்வுக் கட்டுரையை நைமேகன் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் வெளியிடப் போனபோது, சிப் நிறுவனமான என்.எக்ஸ்.பி. தடை கேட்டு வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் டச்சு நீதிமன்றம் மறுத்துவிட்டது: நஷ்டத்துக்குக் காரணம் கட்டுரை அல்ல, குறையுள்ள சிப்பைத் தயாரித்து விற்றதுதான் என்று.