அகத்திய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மோதல்

மாசி மாதத்தில் இரவு எட்டு மணி வாக்கில், ராதாபுரம் பக்கமோ கூந்தன்குளம் பக்கமோ தெருவிளக்கு வெளிச்சம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று தெற்கே பாருங்கள். பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். பொதிகை மலைக்காரர்களான நமக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதற்கு இடப்பக்கம் சற்றுக் கீழே, கையை நீட்டி நான்கு விரலைச் சேர்த்துப் பிடித்தால் வரும் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியாத ஒரு துண்டு வானம் இருக்கிறது. டெல்லிக்காரர்களுக்கு அந்த இடம் அடிவானத்தை விட்டுச் சரியாக எழும்பவே எழும்பாது, நமக்கு 25 டிகிரி உயரம் வரை வரும். அங்கேதான், இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் மோதிக்கொண்ட புல்லட் கொத்து இருக்கிறது. அகத்தியர் 300 ஒளியாண்டு சொச்சத்தில் இருக்கிறார் என்றால், புல்லட் கொத்திலிருந்து நமக்கு வரும் ஒளி கிளம்பி 300 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கேலக்ஸிக் கொத்து என்றால் நம் பால்வீதியைப் போன்ற கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றையொன்று விட்டுப் போக முடியாதபடி ஈர்ப்புவிசையால் கட்டுண்டு கிடக்கும் கூட்டம். ஆனால் போட்டோவில் தெரியும் கேலக்ஸிகள் மொத்த எடையில் சில சதவீதம்தான். அவற்றைவிடப் பல மடங்கு எடையுள்ள வாயு இடைவெளியெல்லாம் பரவி, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் எக்ஸ்-கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. மீதி, அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், கரும்பொருள். அது ஒளியை விடுவதுமில்லை, தடுப்பதுமில்லை. கோமா கொத்தின் கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் எடை இவற்றைப் பிடித்து வைக்கப் போதாது என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னது 1933-ல்.

அமைதியாக இருக்கும் கொத்தில் இந்த மூன்றும் ஒரே மையத்தைச் சுற்றிக் கலந்து கிடப்பதால் எது எங்கே என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இரண்டு கொத்துகள் மோதும்போதுதான் அவை தனித்தனியாகக் கழன்று வருகின்றன. கேலக்ஸிகளுக்கு நடுவே ஏகப்பட்ட இடம் இருப்பதால் அவை ஒன்றோடொன்று முட்டாமல் எதிர்ப்பக்கம் போய்விடும். வாயுவால் அப்படிப் போக முடியாது. எதிரே வரும் வாயுவோடு மோதி, வேகம் குறைந்து, சூடேறி நடுவிலேயே தங்கிவிடும். கரும்பொருள் என்ன செய்யும்? எடையில் பெரும்பகுதி நடுவே நிற்கும் வாயுவில் இருக்கிறதா, முன்னே போன கேலக்ஸிகளோடு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

புல்லட் கொத்தில் வாயுவின் இடத்தைச் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி காட்டியது. அதற்குப் பெயர் கொடுத்த சுப்ரமணியன் சந்திரசேகர் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதை இங்கே சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. எடையின் இடத்தைக் கண்டுபிடித்த விதம் இன்னும் நுட்பமானது. கொத்துக்குப் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் ஒளி கொத்தைக் கடக்கும்போது அதன் எடையால் வளைகிறது, அதனால் அவற்றின் உருவம் ஒரு பக்கமாகத் துளி நீளும். ஒரே ஒரு கேலக்ஸியைப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது இயல்பிலேயே நீள்வட்டமாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் அளந்து சராசரி எடுத்தால், அவரவர் கோணல் எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய், எல்லோருக்கும் பொதுவான அந்தச் சின்ன நீட்சி மட்டும் மிஞ்சும். 2006-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: எடை கேலக்ஸிகளோடு போயிருக்கிறது, வாயு பின்தங்கி நிற்கிறது. அந்த ஒரு படம் கரும்பொருளுக்கு இருக்கும் மிக நேரடியான சாட்சி என்றே நான் நினைக்கிறேன்.

வேகம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. வாயுவில் எழுந்த அதிர்ச்சி அலை நொடிக்கு 4,700 கிலோமீட்டர் என்று அளந்தார்கள், உடனே கொத்தே அவ்வளவு வேகத்தில் வந்ததாகப் பலர் எழுதிவிட்டார்கள். அப்படியில்லை, எதிரே இருந்த வாயுவும் அதை நோக்கி விழுந்துகொண்டிருந்தது, அதைக் கழித்துவிட்டால் கணினிக் கணக்குகளில் கொத்தின் வேகம் 2,700 அளவில்தான் வருகிறது.

சரி, கொத்துகள் எதற்கு மோத வேண்டும்? அவை வளர்வதே அப்படித்தான். பிரபஞ்சத்தில் கரும்பொருளும் வாயுவும் நீண்ட இழைகளாக ஓடுகின்றன, இழைகள் கூடுகிற இடத்தில் கொத்து உட்கார்ந்திருக்கிறது. கடனாநதி, மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேரச் சேரத் தாமிரபரணி பெருகுவதைப் போல, இழைகள் வழியே சின்னச் சின்னக் கூட்டங்கள் வந்து விழுந்து கொத்து கனக்கிறது. ஆற்றுத் தண்ணீராவது கடலுக்குப் போய்விடும், இங்கே வந்து விழுந்த எடையில் பெரும்பகுதி திரும்பிப் போவதில்லை. அபூர்வமாக, ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு பெரிய கொத்துகளே நேருக்கு நேர் வந்துவிடும்.

தொலைவில் இருக்கும் கொத்துகளைத் தேடுவதற்குக் காரணம், தொலைவு என்றாலே பிரபஞ்சத்தின் இளமைக்காலம். ஆனால் தூரம் கூடக் கூட எக்ஸ்-கதிர் மங்கிவிடும். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பெருவெடிப்பின் மிச்சமான மைக்ரோவேவ் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, கொத்தின் சூடான வாயுவைக் கடக்கும்போது அங்கிருக்கும் எலக்ட்ரான்கள் அதைத் தட்டிக் கூடுதல் ஆற்றலைக் கொடுத்துவிடுகின்றன. அதனால் குறைந்த அதிர்வெண்ணில் பார்த்தால் அந்த இடம் மட்டும் லேசாக இருண்டு தெரியும். இந்த நிழல் தூரத்தால் மங்காது. சுன்யாயெவ்-ஸெல்டோவிச் விளைவு என்று இதற்குப் பெயர்.

சிலி நாட்டில் ஐந்தாயிரம் மீட்டருக்கு மேல் வைத்திருந்த அட்டகாமா தொலைநோக்கி இந்த நிழலை வைத்துத்தான் ‘எல் கோர்டோ’ என்ற கொத்தைப் பிடித்தது. ஸ்பானிய மொழியில் குண்டன் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான், எடை சூரியனைப் போல் சுமார் 20 கோடி கோடி மடங்கு. நாம் பார்க்கும் அந்த ஒளி கிளம்பி 700 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது, அப்போது பிரபஞ்சத்துக்கு இன்றைய வயதில் பாதிகூட ஆகவில்லை. அவ்வளவு சீக்கிரம் இவ்வளவு எடை சேர்வது அரிது, அதனால்தான் எந்த எடையில் எத்தனை கொத்துகள் எந்தக் காலத்தில் இருந்தன என்று எண்ணிப் பார்த்துப் பிரபஞ்ச மாதிரிகளைச் சோதிக்கிறார்கள்.

எல் கோர்டோவும் இரண்டு கொத்துகளின் மோதல்தான். எக்ஸ்-கதிரில் வால்நட்சத்திரம் மாதிரி இரட்டை வால் தெரிகிறது. புனே பக்கத்தில் இருக்கும் நம் நாட்டு ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் அளவீடுகளில் அதன் இரு ஓரங்களிலும் ரேடியோ அலை வீசும் விளிம்புகள் தெரிந்தன. மோதலில் கிளம்பிய அதிர்ச்சி அலை எலக்ட்ரான்களை முடுக்கிவிட்ட இடங்கள் அவை. அலை மோதிய இடத்திலிருந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும், ஆகவே விளிம்புகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை வைத்து மோதி எவ்வளவு காலமாகிறது என்று கணக்குப் போடலாம். அப்படிப் போட்ட ஒரு கணக்கு 2015-ல் வந்தது. அதன்படி, அந்த இரண்டு கொத்துகளும் ஒருமுறை ஊடுருவிக் கடந்து, தூரம் போய், ஈர்ப்பு இழுக்க மறுபடியும் ஒன்றையொன்று நோக்கி விழத் தொடங்கிவிட்டன என்பதற்கே வாய்ப்பு அதிகம்.