கேழ்வரகு சோளத்துக்கு உறவா, கோதுமைக்கு உறவா?

ஒரு கேரட் துண்டை நடுவில் கீறி, அந்தப் பிளவில் கேழ்வரகு இலையைச் செருகி, புது பிளேடால் குறுக்காக மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். தாவரவியல் படித்தவர்களுக்கு இது பழகிய வேலைதான். பத்துச் சீவல் எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால் பச்சை வளையங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு நரம்பு. இதையே கோதுமை இலையில் செய்தால் அந்தப் பச்சை வளையம் இருக்காது. நரம்பைச் சுற்றி வெளிறிய செல்கள்தான் இருக்கும், பச்சை நிறம் இலை முழுக்கப் பரவிக் கிடக்கும்.

கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். சோளத்தின் தாய்வீடு சூடான் பக்கத்துச் சவானா, கம்பின் தாய்வீடு சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹெல். மூன்றும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் பிள்ளைகள். மூன்றின் இலையிலும் அந்த வளையம் உண்டு. தான்சானியாவின் செரெங்கெட்டியில் காட்டுமாடுகளும் வரிக்குதிரைகளும் மேய்கிற தெமெடா புல்லிலும் உண்டு, அங்கேயும் நம் வரப்பிலும் வளர்கிற அறுகம்புல்லிலும் உண்டு.

ஆனால் நெடுங்காலம் கேழ்வரகைக் கோதுமையின் பக்கம்தான் வைத்திருந்தார்கள். 1814-இல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் புற்களை இரண்டு பெரும் கூட்டங்களாகப் பிரித்தார். அவர் பார்த்தது பூவை, அதாவது புல்லின் சிறுகதிர் எப்படி அமைந்திருக்கிறது என்பதை. சோளம் ஒரு பக்கம் போனது. சிறுகதிரில் பல பூக்கள் அடுக்கியிருக்கும் கேழ்வரகுக் கூட்டம் கோதுமையோடு சேர்ந்தது. பூவை வைத்துத் தாவரங்களைப் பிரிப்பது அன்றைக்கு எழுதாத சட்டம். புல்லின் பூவோ மிகச் சிறியது, காற்றில் மகரந்தம் பறக்கவிடுவதற்காக இதழெல்லாம் சுருங்கிப்போன ஒன்று. அதில் உறவைத் தேடுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

இலையைத் திறந்து பார்க்கும் வழக்கம் பிறகுதான் வந்தது. 1875-இல் துவால்-ஜூவ் என்ற பிரெஞ்சுக்காரர் புல் இலைகளின் திசு அமைப்பைப் பற்றி எழுதினார். 1880-களில் ஆஸ்திரியாவின் காட்லீப் ஹாபர்லாண்ட் அந்தப் பச்சை வளையத்துக்குக் 'கிரான்ஸ்' என்று பெயர் வைத்தார். ஜெர்மனில் மலர்வளையம் என்று பொருள். வளையம் எதற்கு என்பது அவருக்குப் பிறகு வெகுகாலம் புரியவில்லை. 1960-களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பை வைத்து ஆராய்ந்தவர்கள்தான் அதை விளக்கினார்கள்.

விஷயம் இதுதான். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்குகிற நொதியின் பெயர் ரூபிஸ்கோ. அதற்கு ஒரு பலவீனம்: சில சமயம் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெயில் ஏற ஏற இந்தத் தவறு கூடும். தண்ணீரை மிச்சம்பிடிக்க இலைத்துளைகள் பாதி மூடினால் இன்னும் கூடும். சவானாவில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. அங்குள்ள புற்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வளையத்துக்கு வெளியே இருக்கும் செல்களில் (வெளிச்செல்கள் என்று வைத்துக்கொள்வோம்) தவறு செய்யாத வேறொரு நொதி கார்பனைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் வளையச் செல்லுக்குள் போய் உடைகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு அடர்த்தியாகச் சேர்கிறது, ரூபிஸ்கோ அந்த அறைக்குள் மட்டும் வேலை செய்கிறது. நான்கு கார்பனை வைத்துத்தான் இதைச் சி4 என்கிறோம். வெளிச்செல்லும் வளையமும் ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால், இந்த இலைகளில் நரம்புகள் நெருக்கமாக ஓடும். பக்கத்துப் பக்கத்து வளையங்களுக்கு நடுவே இரண்டிலிருந்து நான்கு செல்களுக்கு மேல் பெரும்பாலும் இருக்காது. கோதுமையில் அதைவிட அதிகம்.

வளையம் இருக்கிற புல்லெல்லாம் ஒரே குடும்பக் கிளை என்று சொல்லிவிடலாமா? முடியாது. புற்களுக்குள் மட்டும் இருபது தடவைக்கும் மேல் இந்த அமைப்பு தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கேழ்வரகின் வளையமும் சோளத்தின் வளையமும் தனித்தனியே பிறந்தவை. அது எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம்.

கோதுமை இலையில் நரம்பைச் சுற்றி இரண்டு உறைகள் உண்டு. வெளியே மெல்லிய சுவர் கொண்ட ஒன்று, உள்ளே தடித்த சுவர் கொண்ட மெஸ்டோம் உறை. கேழ்வரகில் வெளியுறை வீங்கிப் பச்சையாகி வளையமாகியிருக்கிறது, உள்ளுறை பழையபடி அப்படியே நிற்கிறது. சோளத்தில் ஒரே உறைதான். அது உள்ளுறையின் இடத்தில் இருக்கிறது, வெளியுறையைக் காணோம். அதனால் நரம்புக்குள் இருக்கும் பெரிய நீர்க்குழாய்க்கும் பச்சை வளையத்துக்கும் நடுவில் இன்னொரு அடுக்குச் செல் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்: இருந்தால் கேழ்வரகு வகை, இல்லாவிட்டால் சோள வகை. பசுங்கணிகங்கள் கிடக்கிற இடமும் மாறும். கேழ்வரகில் அவை நரம்பை ஒட்டி உள்பக்கமாகக் குவிந்திருக்கும், சோளத்தில் வெளிப்பக்கமாக. செரெங்கெட்டியின் தெமெடா சோளத்தைப் போல, அறுகு கேழ்வரகைப் போல. அரிஸ்டிடா என்ற இன்னொரு சவானாப் புல்லில் இரண்டு உறையுமே பச்சை வளையங்களாகியிருக்கின்றன.

இலையின் மேல்தோலும் சாட்சி சொல்லும். புல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தோல்செல்களில் கல்லாக்கி வைக்கிறது. சோளக் கூட்டத்தில் அந்தக் கல் டம்பெல் போல இருக்கும், கேழ்வரகுக் கூட்டத்தில் குதிரைச் சேணம் போல. இரண்டு செல்லால் ஆன நுண்மயிர்களும் உண்டு: சோள வகையில் நுனிச் செல் நீண்டு மெலிந்திருக்கும், கேழ்வரகு வகையில் குட்டையாக உருண்டிருக்கும். கோதுமைக்கு அந்த நுண்மயிரே கிடையாது. 1930-களில் பிரான்ஸின் ஆன்றி பிரா இதையெல்லாம் அடுக்கிக் காட்டி, கேழ்வரகுக் கூட்டத்தைக் கோதுமையிடமிருந்து பிரிக்க வேண்டும் என்றார். அதே காலத்தில் ரஷ்யாவின் அவ்துலோவ் குரோமோசோம்களைப் பார்த்துப் பழைய பிரிவு சரியில்லை என்று காட்டினார். அப்புறம் டி.என்.ஏ. வந்தது. கேழ்வரகும் சோளமும் ஒரே பெருங்கிளையில் உட்கார்ந்தன. கோதுமை நெல்லோடும் மூங்கிலோடும் இன்னொரு கிளையில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கிளையில் சி4 புல் ஒன்றுகூட இல்லை.

புல் மக்கினாலும் சிலிக்காக் கல் மண்ணில் கிடக்கும். கென்யாவிலும் உகாண்டாவிலும் பழைய படிவுகளில் கிடைத்த இந்தக் கற்களையும் மண்ணின் கார்பன் ஐசோடோப்புகளையும் (எடை மாறுபட்ட கார்பன் அணுக்கள்) வைத்து, 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே சி4 புற்கள் ஏராளமாக வளர்ந்தன என்று 2023-இல் காட்டினார்கள். அதற்கு முன் நினைத்திருந்ததைவிட 1 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது அது.

இத்தனை நம்பகமான இலைக்கும் அடங்காத புல் ஒன்று இருக்கிறது. பெயர் அல்லோட்டெரோப்சிஸ் செமியாலாட்டா. 1974-இல் தென்னாப்பிரிக்காவில் எல்லிஸ் என்பவர் இதன் இலைகளைச் சீவிப் பார்த்தபோது, ஒரே சிற்றினத்தில் சில செடிகளில் வளையம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பிற்பாடு மத்திய ஆப்பிரிக்காவின் மியோம்போ காடுகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட செடிகளும் கிடைத்தன. இந்தச் சிற்றினத்தின் சி4 செடிகள் உள்ளுறையை வளையமாக்குகின்றன. இதே பேரினத்தின் அல்லோட்டெரோப்சிஸ் சிமிசினா வெளியுறையை வளையமாக்குகிறது. சோளத்தையும் கேழ்வரகையும் பிரிக்க உதவிய அதே வேறுபாடு, இங்கே ஒரே பேரினத்துக்குள் நிற்கிறது. மரபணுக்களை அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது: இந்தப் புற்களின் சி4 மரபணுக்களில் சில, தூரத்து உறவான வேறு புற்களிலிருந்து நேராகத் தாவி வந்தவை.