ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே ஆயில் மாற்றுவது?

சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 2007-ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே 911 ஒன்றை மீட்பு லாரியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். நான்கு நாட்களுக்கு முன்புதான் உரிமையாளர் தம் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிச் சென்றபோது, பின்னால் வந்த வண்டியே தெரியாத அளவுக்கு வெண்ணீலப் புகை கிளம்பியிருக்கிறது. நல்லவேளையாக அவர் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். நாங்கள் லிஃப்டில் ஏற்றி, ஆயிலை வடித்து, அளவுக் குவளையில் அளந்து பார்த்தபோது, இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடுதலாக இருந்தது.

ஆயிலை ஊற்றியவர் பொறுப்பற்றவர் அல்லர். கைப்பேசியில் தேடி அந்த எஞ்சினின் கொள்ளளவைக் கண்டுபிடித்து, அதே அளவை ஊற்றியிருக்கிறார். ஆனால் அவர் பார்த்தது, ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாத புதிய எஞ்சினை முதன்முறை நிரப்பும்போது பிடிக்கும் அளவு. ஆயில் மாற்றும்போது எவ்வளவு வடித்தாலும் கூலரிலும் உள் குழாய்களிலும் பழைய ஆயில் கணிசமாகத் தங்கிவிடும். ஆகவே மாற்றும் அளவு எப்போதும் அதைவிடக் குறைவு. மிகுதியான ஆயில், எஞ்சினின் உள்காற்றிலிருந்து ஆயிலைப் பிரித்தெடுக்கும் பகுதியைத் தாண்டி, காற்று உறிஞ்சும் குழாய்க்குள் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிட்டது. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பாழாகியிருக்கும். அந்த உதிரிபாகத்தின் விலைக்கு வாழ்நாள் முழுவதும் ஆயில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆயில் மாற்றுவதை மிக எளிய வேலையாகவே எல்லோரும் கருதுகிறார்கள். நான் முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திலும் பிறகு சொந்தப் பட்டறையிலுமாக இந்தத் தொழிலில் இருப்பவன். எஞ்சின் திறப்பதற்கு யாரிடம் போவது என்று பத்து பேரிடம் விசாரிப்பவர்கள், ஆயில் மாற்றுவதற்கு வழியில் தென்படும் இடத்தில் வண்டியை விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையில் வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் காரின் அடிவயிற்றைப் பார்க்கும் ஒரே மனிதர் ஆயில் மாற்றுபவர்தான். அவர் யார் என்பதைப் பெயர்ப்பலகையையும் கட்டணத்தையும் கொண்டு தீர்மானிக்காமல், அவருக்கு உங்கள் எஞ்சினைத் தெரியுமா, தாம் வடித்ததை அவர் உற்றுப் பார்ப்பவரா என்பதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

எஞ்சினைத் தெரியுமா என்பதை அறிய நான் சொல்லும் முதல் கேள்வி, "என் வண்டியில் ஆயில் அளவை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்பதே. சாதாரணக் கார்களில் எஞ்சினை அணைத்து, சிறிது நேரம் விட்டு, டிப்ஸ்டிக் எனும் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் போதும். ஆனால் வேகமாகத் திருப்பும்போது ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காகச் சில ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆயிலை எஞ்சினின் அடியில் தேக்காமல் தனித் தொட்டியில் வைத்திருப்பார்கள். டிரை சம்ப் என்பது இதுதான். 1990-களின் காற்றுக் குளிர்விப்பு 911-களில் அந்தத் தொட்டி பின்சக்கரத்துக்கு அருகில் மட்கார்டுக்குள் இருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதில் அளவு பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆயில் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் கதை மேலே சொன்னபடி முடியும். வடிக்கும்போதும் தொட்டியில் ஓரிடம், எஞ்சினில் ஓரிடம் என்று இரண்டையும் திறக்க வேண்டும். பல புதிய கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. டேஷ்போர்டுத் திரை சொல்வதுதான் அளவு, அதற்கும் சூடு, சமதளம், காத்திருக்கும் நேரம் என்று நிபந்தனைகள் உண்டு. இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியின் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, எந்த ஆயில் என்பது. டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்றவை ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்கின்றன. ஒரே 0டபிள்யூ-40 என்று எழுதிய இரண்டு டப்பாக்களுக்குள் இருப்பவை முற்றிலும் வேறுவேறாக இருக்கலாம். நீங்கள் தேட வேண்டியது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளர் அங்கீகாரம்: போர்ஷேவுக்கு ஏ40, பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-01, மெர்சிடிஸுக்கு 229.5 என்று எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் எண்கள் அவை. அதிலும் 'அப்ரூவ்ட்' என்று இருப்பதற்கும், 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்' என்று இருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது, கார் நிறுவனம் சோதித்து ஒப்புதல் கொடுத்தது. மற்றவை, ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. ஒரே நிறுவனத்தின் கார்களுக்குள்ளும் விதி மாறும். பிஎம்டபிள்யூ எம்3-இன் வி8 எஞ்சினுக்கு 10டபிள்யூ-60 என்று நிறுவனமே குறித்திருக்க, அதே காலத்துச் சாதாரண 3 சீரிஸுக்கு அது பொருந்தாது.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சார் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் சென்னையில் இன்றும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் தவறாகச் சொல்கிறார்கள். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடும் எஞ்சினின் சூட்டைத் தெர்மோஸ்டாட்டும் கூலரும் ஒரு வரம்புக்குள் வைத்திருக்கின்றன. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேல்பகுதிக்குப் போய்ச் சேரத் தாமதிக்கும். வால்வுகள் திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்புகள் சரியாக வேலை செய்யா.

பேரலிலிருந்து பம்ப் வைத்து ஊற்றும் ஆயிலை நான் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் பரிந்துரைப்பதில்லை. பேரலுக்குள் இருப்பது அதன் மேல் எழுதியிருப்பதுதான் என்று உறுதி செய்ய உங்களுக்கு வழியில்லை. சீல் உடைக்காத டப்பாக்களை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாக்களைக் கேட்டு வாங்கி, ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். அசல் காலி டப்பாக்களை விலைக்கு வாங்கி, மட்டமான ஆயிலை நிரப்பி, புதிய மூடி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டப்பா அடுத்தவருடைய எஞ்சினுக்கு எமனாகக் கூடாது.

இனி இடத்துக்கு வருகிறேன். வாரண்டி இருக்கும்வரை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்கே போங்கள். என் தொழிலுக்கு எதிராகவே இதைச் சொல்கிறேன். வாரண்டிக்குள் இருக்கும் காருக்கு எங்களிடம் ஆயில் மாற்றக் கேட்டு வருபவர்களைத் திருப்பியனுப்பியிருக்கிறேன். மென்பொருள் புதுப்பிப்பும், நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் குறைகளும் அங்கேதான் கவனிக்கப்படும். முன்பு சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை குத்தினார்கள். இப்போது பல நிறுவனங்கள் சர்வீஸ் பதிவைத் தங்கள் கணினியிலேயே வைத்திருக்கின்றன. நாளை காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனை நியாயமா என்பது வேறு விஷயம். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் அதன் பிறகு மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் எஞ்சின் பழுதாகி நிற்கும் நாளில் ஆணையத்தின் தீர்ப்பைக் காட்டி வாதாடும் நிலைக்கு நீங்கள் போகாமலிருப்பதே நல்லது.

அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குப் போனாலும், "என் வண்டியை யார் கழற்றப்போகிறார், அவர் இந்த மாடலில் பயிற்சி பெற்றவரா?" என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்பதில் தவறில்லை. பெரிய நிலையங்களில் ஆயில் மாற்றுவதைப் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் ஒப்படைப்பது உண்டு.

வாரண்டி முடிந்த பிறகு, குறிப்பாகப் பத்து வயதைக் கடந்த கார்களுக்கு, அதே மாடல்களைத் தொடர்ந்து பார்த்துவரும் தனிப்பட்டறை பல நேரங்களில் மேலானது. அதற்குக் காரணம் கட்டணம் அன்று, ஃபில்டர்.

எங்களிடம் கழற்றும் எந்த ஃபில்டரும் நேராகக் குப்பைக்குப் போவதில்லை. காகித மடிப்புகளைக் கத்தியால் அறுத்து, வெள்ளைத் தாளின் மேல் விரித்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். கரிய வழவழப்பு மட்டும் இருந்தால் நிம்மதி. மின்னும் துகள் இருந்தால், காந்தத்தை அருகில் கொண்டு போவோம். ஒட்டினால் இரும்பு, ஏதோ ஒரு பேரிங்கோ செயினோ தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியம். செம்பு நிறமாக இருந்தால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கில் மேற்பூச்சு தேய்ந்து உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எந்தக் குறையும் இல்லாமல், சத்தமே இல்லாமல் ஓடி வந்த ஒரு ஜெர்மன் கூப்பேயின் ஃபில்டரில், குங்குமப்பூ இழையைத் தட்டித் தூவியதுபோல் செம்புத் துகள்கள் கிடந்தன. உரிமையாளர் முதலில் நம்பவில்லை; தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளை மாற்றியதோடு வேலை முடிந்தது. இன்னும் ஒரு ஆண்டு ஓட்டியிருந்தால் கிராங்க் ஷாஃப்டே போயிருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: "பழைய ஃபில்டரை விரித்துக் காட்டுவீர்களா?"

டயர்க் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் அரை மணி நேரத்தில் மாற்றித் தரும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; இந்த வேலைக்கு வேண்டிய கவனத்தைப் பட்டியலிட்டாலே போதும். தாழ்ந்த கார்களை லிஃப்டுக்குக் கொண்டு போகும்போது முன்பம்பர் இடிக்காமல் பலகை போட்டு ஏற்ற வேண்டும். ஜாக் வைக்கும் புள்ளி நான்கு மட்டுமே, அதைத் தவறினால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பிளந்துவிடும். அடிக்கவரின் ஸ்க்ரூக்கள் எத்தனை கழன்றனவோ அத்தனையும் திரும்பப் போக வேண்டும். இரண்டைக் குறைத்தாலும் நம் வேகத்தடைகளில் கவர் உரசித் தொங்கும். ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்கின் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். பல பிஎம்டபிள்யூ எஞ்சின்களின் ஃபில்டர் மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருப்பார்கள். அதைப் படித்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை எடுப்பவரும் இருக்கிறார், கைப்பலத்தில் இறுக்கிப் பிளாஸ்டிக்கைக் கீறல்விட வைப்பவரும் இருக்கிறார்.

வீட்டிலேயே மாற்றும் ஆர்வலர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டு, ஒன்பது லிட்டர் பழைய ஆயிலை எங்கே கொண்டு சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் போக வேண்டிய பொருள், சாக்கடைக்குரியது அன்று.

தூரமும் ஒரு கணக்குதான். கோயம்புத்தூரில் லம்போர்கினி வைத்திருப்பவருக்கு நிறுவனத்தின் நிலையம் பெங்களூரில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மூடிய லாரியில் அனுப்புவதைச் செலவாகக் கருதாமல், ஆயிலோடு மற்ற எல்லாச் சோதனைகளையும் சேர்த்து அந்த ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வது நல்லது. கிலோமீட்டர் ஓடவில்லை என்பதற்காக ஆயிலைத் தள்ளிப்போடவும் கூடாது. வாரம் ஒரு முறை பத்து கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் எஞ்சினுக்குள் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 7,500 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது என் கணக்கு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு வந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. வந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஆயிலின் அங்கீகார எண்ணும் ஃபில்டரின் பாக எண்ணும் பில்லில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன், சமதளத்தில் நிறுத்தி, உங்கள் முன்னாலேயே அளவு பார்க்கச் சொல்லுங்கள். அன்றிரவு வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் தாளில் ஒரே ஒரு சொட்டு இருந்தாலும், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், மாற்றியவரை உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.