"எனி டவுட்ஸ்?" என்று கேட்டு முடித்துவிடாதீர்கள்

இந்த செமஸ்டரிலும் அதே கதைதான். வகுப்பில் கலந்துரையாடல் நடத்தச் சொன்னால் மாணவர்கள் பென்டிரைவோடு வந்து நிற்கிறார்கள். முதல் ஸ்லைடில் தலைப்பும் ரோல் நம்பரும், கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூவோடு 'தேங்க் யூ'. நடுவில் இருபது நிமிடம் திரையைப் பார்த்து வாசிப்பு. பிறகு "எனி டவுட்ஸ்?" வகுப்பே சேர்ந்து "நோ" என்கிறது, கைதட்டல், அடுத்த ரோல் நம்பர். இன்டர்னல் மார்க் கிடைத்துவிடும். கலந்துரையாடல் எங்கே நடந்தது?

பொருளாதாரம் நடத்துகிற எனக்கு இதில் பெரிய எரிச்சல் ஸ்லைடுகள் மேல் இல்லை. நன்றாகப் பேசுகிறவர்தான் நன்றாக நடத்துவார் என்ற நம்பிக்கைதான் எரிச்சல். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவரை முன்னால் அனுப்புகிறார்கள். அவர் கேள்வி கேட்கிறார், ஒரு நொடி பார்க்கிறார், யாரும் வாய் திறக்காததால் தானே பதிலையும் சொல்லிவிடுகிறார். இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், இனி யோசிக்கத் தேவையில்லை என்று வகுப்பு புரிந்துகொள்ளும். நடத்துபவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். தெரியாத கேள்வி வந்தால் முகம் வெளிறிப்போகிறது. தம்பி, உங்களை யாரும் வைவா எடுக்கவில்லை. "இது எனக்குத் தெரியாது, யாருக்காவது தெரியுமா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் பேச்சே சூடுபிடிக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடத் தெரிந்தால் போதும், மேடைப் பேச்சுத் திறமை வேண்டியதில்லை. அதிகம் பேசாத பெண் ஒருவர் மிக அழகாக நடத்தி நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அந்த 3 நொடி முன்னால் நிற்பவருக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும். தோன்றட்டும், மனசுக்குள் எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.

அப்புறம், கேள்வி. "மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தின் நன்மை தீமைகள் யாவை?" என்று கேட்டால் கூகுளில் கிடைக்கிற பத்து வரிதான் திரும்பி வரும். நான் சொன்ன அந்தப் பெண் கேட்டது வேறு. "2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். உங்கள் வீட்டில் மிச்சமான பஸ் காசு யார் கையில் இருக்கிறது?" கேட்டுவிட்டு நின்றார். சிரிப்பு, சலசலப்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எங்க ஊருக்கு மினி பஸ்தான் வரும், அதுல காசு குடுத்துதான் போகணும்." நடத்தியவர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எதிர்வரிசையைப் பார்த்து, "அப்போ முதலில் பஸ் விட வேண்டுமா, டிக்கெட்டை இலவசமாக்க வேண்டுமா?" என்றார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மானியம் யாரைச் சென்றடைகிறது என்ற பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

கவனித்தீர்களா, அந்தக் குரல் தமிழில் வந்தது. ஆங்கில வழி வகுப்பு என்பதால் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று தயவுசெய்து பூட்டுப் போடாதீர்கள். பாதி வகுப்பின் மௌனத்துக்குக் காரணமே அதுதான். தமிழில் பேசலாம் என்று வாயால் சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்கள். உங்கள் முதல் கேள்வியைத் தமிழில் கேளுங்கள்.

முதல் பெஞ்சில் மூன்று பேர் எல்லாவற்றுக்கும் கை தூக்குவார்கள். அவர்களை அடக்க வேண்டாம், "உங்களுக்கு அப்புறம் வருகிறேன்" என்றால் போதும். பேசாதவரைத் திடீரென்று பேர் சொல்லி எழுப்பாதீர்கள், அது தண்டனை மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, அப்புறம் "நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள். வாக்குவாதம் ஆளைப் பற்றித் திரும்பினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சாதியோ ஊரோ இழுக்கப்பட்டால் நாசூக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

பெஞ்சுகள் தரையோடு பொருத்தியிருக்கும், வட்டமாக உட்கார முடியாது. சரி, நீங்கள் மேடையை விட்டு இறங்கி நடுவழியில் நில்லுங்கள். ஆசிரியரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புங்கள். முன்னால் உட்கார்ந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகு, "நான் ஒன்று சொல்கிறேன்" என்று எழுந்துவிடாதீர்கள். மார்க் போடும்போது ஸ்லைடுகளை எண்ண வேண்டாம். எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள், அதைப் பார்த்து மார்க் போடுங்கள்.