மாமரத்துப் பொந்தில் சிமென்ட் கொட்டலாமா?

வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரத்தின் பெரிய கிளையொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்பு அடிமரத்தோடு ஒட்டச் சீவியதாகவும், வெட்டுவாயில் தார் பூசியும் அந்த இடம் இப்போது பொந்தாகிவிட்டதாகவும் எழுதியுள்ள வாசகர் ஒருவர், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் கொட்டி அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அடைக்க வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லச் சற்று இடம் தேவைப்படும்.

நம் முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால், சேதமடைந்த செல்கள் அகன்று அதே இடத்தில் புதிய செல்கள் உருவாகின்றன. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கேம்பியம் என்னும் வளர்திசு, பழைய கட்டையின் மேல் புதிய கட்டையை அடுக்கிக்கொண்டே போகும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் ஒருமுறை உருவான கட்டையை மரம் மறுபடி புதுப்பிப்பதில்லை என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பட்ட காயம் மரம் உள்ளவரை அதன் உள்ளேயே இருக்கும்; அதிலிருந்து அழுகல் பரவாதபடி சுற்றிச் சுவர் எழுப்புவது ஒன்றே மரத்தால் ஆவது.

இதை விளக்கமாகக் காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. அவர் மோட்டார் ரம்பத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் பிளந்து, அழுகல் எங்கே தொடங்கி எங்கே நின்றிருக்கிறது என்று பார்த்தார். 1977இல் ஹெரால்டு மார்க்ஸ் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட விளக்கத்தில், மரம் நான்கு சுவர்களால் அழுகலைச் சிறைப்படுத்துகிறது என்றார்.

முதல் சுவர் நீர்க்குழாய்களுக்குள் எழுகிறது. கிளை வெட்டுப்பட்டதும் குழாய்களுக்குள் காற்று புகுகிறது. பக்கத்திலுள்ள உயிர்ச்செல்கள், குழாயின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே பலூன் ஊதுவதைப்போல் உள்ளே புடைத்து வளர்ந்து, பாதையை அடைத்துக்கொள்கின்றன. தேக்குக் கட்டையின் குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் இந்தப் புடைப்புகளைக் காணலாம். வேறு பல மரங்கள் பிசினால் அடைக்கின்றன. இந்தச் சுவரே நான்கிலும் வலுவற்றது. அதனால்தான் அழுகல் பெரும்பாலும் மேலும் கீழுமாக நீண்டு பரவுகிறது. இரண்டாம் சுவர் வளர்ச்சி வளையங்களின் ஓரத்தில் அமைந்து, அழுகல் மையத்தை நோக்கிச் செல்வதைத் தடுக்கிறது. மூன்றாவது, சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல் பரந்துள்ள கதிர்செல்களால் ஆனது. அது பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கிறது.

நான்காம் சுவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. முதல் மூன்றும் காயம்பட்ட நாளில் ஏற்கெனவே இருந்த கட்டைக்குள் எழுபவை. நான்காவதையோ, காயத்துக்குப் பிறகு கேம்பியம் புதிதாக உருவாக்குகிறது. பூஞ்சைகள் எளிதில் கடக்க முடியாத வேதிப்பொருள்கள் நிறைந்த அந்த மெல்லிய அடுக்கு, அன்றுவரை இருந்த மரத்தையும் அதற்குப் பின் வளரப்போகும் மரத்தையும் பிரித்துவிடுகிறது. உள்ளே இருப்பது முழுவதும் அழுகிப்போனாலும், வெளியே ஆண்டுதோறும் சேரும் கட்டை நலமாக இருக்கும். ஆகவே பொந்தின் அகலம், காயம்பட்ட நாளில் மரம் எவ்வளவு பருமனாக இருந்தது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடுகிறது. நெடுஞ்சாலைப் புளியமரங்கள், ஆள் நுழையும் பொந்தோடு பல்லாண்டு காய்த்து நிற்பதும் இதனால்தான்.

வாசகரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பொந்தைச் சுரண்டும் உளி, மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய சுவரை உடைத்து, பூஞ்சைக்கு வாசல் திறந்துவிடும். காற்றில் மரம் அசையும்போது சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் இடையே உண்டாகும் விரிசலில் ஈரம் தங்கும். தார்ப்பூச்சு அழுகலைத் தடுக்காது என்பதும் ஷைகோவின் ஆய்வுகளில் தெரியவந்ததே. குறிப்பிட்ட நோய்க்காகத் தோட்டக்கலைத் துறையினர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசை பூசச் சொன்னால் அது வேறு விஷயம்.

உண்மையான பிழை, கிளையை ஒட்டச் சீவியதில் நடந்திருக்கிறது. கிளை அடிமரத்தில் சேருமிடத்தில் கழுத்துப் பட்டைபோல் ஒரு புடைப்பு இருக்கும். அது அடிமரத்தின் திசு. காப்புப் பகுதியும் அங்கேதான் அமைகிறது. வெட்டு அந்தப் புடைப்புக்குச் சற்று வெளியே விழ வேண்டும். அதற்காக ஒரு சாண் கிளைத்துண்டை விட்டுவைப்பதும் கூடாது, காய்ந்த துண்டு பூஞ்சைக்கு உணவாகும். பெரிய கிளையானால், முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கம் பாதி அறுத்து, அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கிய பிறகே, புடைப்பின் ஓரத்தில் கடைசி அறுப்பை வைக்க வேண்டும். இல்லையேல் விழும் கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

காய்க்காத மரத்தில் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவோரிடம் எனக்குச் சண்டையில்லை. மரத்துக்கு அதனால் கேடில்லை. ஆணி அடிப்போரிடம்தான் உண்டு. ஒவ்வோர் ஆணியும் ஒரு காயம், ஒவ்வொன்றுக்கும் மரம் தன் சேமிப்பிலிருந்து செலவழித்துச் சுவர் எழுப்பியாக வேண்டும். மேப்பிளையும் ஓக்கையும் பிளந்து பார்த்த அளவுக்கு வேம்பையும் புங்கையும் பார்க்க நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாக நிதி தரலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். புயலில் சாயும் மரங்களை விறகுக்கு அனுப்புமுன் நெடுக்காகப் பிளந்து பார்ப்பதற்குப் பெரிய கருவிகள்கூடத் தேவையில்லை.

இவை எதுவும் தென்னைக்கும் பனைக்கும் பொருந்தாது. அவற்றில் கேம்பியம் இல்லை. நான்காம் சுவரும் இல்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி கடைசிவரை அப்படியே இருக்கும். தொல்காப்பிய மரபியல், வெளியே வைரம் (கெட்டியான கட்டை) உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்தது, இந்த வேறுபாட்டுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது.

பொந்து மட்டுமே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. நலமான சுற்றுக்கட்டையின் தடிமன் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்பது ஒரு தோராயக் கணக்கு. அதைத் தட்டிப் பார்த்தும் கருவி வைத்தும் அளக்க அறிந்தவர் வேண்டும். அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்தாலும், நேராக நின்ற மரம் திடீரெனச் சாய்ந்து ஒரு பக்கத்து மண் மேலெழும்பினாலும், இரு கிளைகள் சேரும் கவட்டையில் விரிசல் தெரிந்தாலும், கிளை மின்கம்பியை நெருங்கினாலும், மரப் பராமரிப்பு வல்லுநரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மின்கம்பி என்றால் முதலில் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வருபவர் மழைக்காலத்துக்கு முன் மரத்தை மொட்டையடித்துவிடலாம் என்றால், நன்றி கூறி அனுப்பிவிடுங்கள்: மொட்டையடித்த இடத்தில் தழைக்கும் கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால், பெருத்தபின் காற்றுக்கு எளிதில் பிய்ந்துவிழும். ரம்பத்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதும் கிளையின் அடிப்புடைப்பைத் தொட்டுக் காட்டுபவரிடம், கூலி சற்று அதிகமானாலும், மரத்தை ஒப்படைக்கலாம்.