வெக்சேஷஸ் வழக்கு: தொல்லையா, அலைக்கழிப்பா?

சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உயில் வழக்குக்காகக் காத்திருப்பவரிடம் ‘வெக்சேஷஸ்’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லைச் சொன்னால் விழிப்பார். ‘மனு மேல் மனு போட்டு இழுக்கிறார்கள்’ என்றால் தம் சொந்தக் கதையையே சொல்லத் தொடங்கிவிடுவார்.

அச்சொல்லின் வேர் லத்தீன். அதில் ‘வெக்ஸாரே’ என்றால் உலுக்குதல், நிலைகொள்ள விடாமல் துன்புறுத்துதல். ஆங்கிலப் பேச்சில் அது எரிச்சல் என்ற அளவுக்கு மெலிந்துவிட்டது. நம்மவர்கள் அந்த மெலிந்த பொருளைப் பிடித்துக்கொண்டு ‘தொல்லை வழக்கு’ என்கிறார்கள். கொசுவும் தொல்லைதான். சட்டம் சொல்லும் கொடுமைக்கு ‘அலைக்கழிப்பு வழக்கு’ என்பதே பொருத்தம். அப்படி வழக்குத் தொடுப்பவர் ‘அலைக்கழிப்பு வழக்காடி’. ‘வீண் வழக்கு’ என்பதும் இதற்கு ஈடாகாது. வீண் வழக்கில் சாரம் இல்லை, அவ்வளவே. அலைக்கழிப்பில் எதிராளியை ஓயவிடாத தொடர்ச்சி இருக்கிறது. தோற்றுப்போன வழக்கெல்லாம் அலைக்கழிப்பும் ஆகாது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த தந்தை அதை மகளுக்கு உயில் எழுதிவிட்டு இறந்துபோகிறார். உயிலில் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் மெய்ப்பிதழ், பெறுகிறார். கையெழுத்து அப்பாவுடையது அல்ல என்கிறார் அண்ணன். விசாரணை நடந்து தோற்கிறார். மேல்முறையீட்டிலும் தோற்கிறார். இதுவரை அவர் செய்தது உரிமை. பிறகு மெய்ப்பிதழை ரத்து செய்ய ஒரு மனு, அது தள்ளுபடியானதும் அதே காரணத்தை வேறு சொற்களில் சொல்லி இன்னொன்று, அடுத்துத் தங்கை மீதும் சாட்சிகள் மீதும் குற்றப் புகார். பழம் பறிக்கும் மாதங்களில் ஆட்களை விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தங்கை வாய்தாவுக்கு இறங்கி வர வேண்டும். வந்தால் அடுத்த வாய்தா. இது அலைக்கழிப்பு.

தீர்ந்த விஷயத்தை மீண்டும் கிளப்பினால் முன்தீர்ப்புத் தடை என்று சொல்லித் தள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மனுவுக்கும் வந்து அதைச் சொல்ல வேண்டியவர் தங்கைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு பொய்யான, அலைக்கழிக்கும் கோரிக்கைகளுக்கு இழப்பீடு விதிக்கிறது; உச்சவரம்பு 3,000 ரூபாய். தோட்டத்துக்காகச் சண்டையிடுபவரை இந்தத் தொகை தடுக்கும் என்று நம்புவதற்கு நிறையவே வெள்ளை மனம் வேண்டும்.

ஆளையே கட்டுப்படுத்தும் சட்டத்தை இங்கிலாந்து 1896இல் இயற்றியது. இன்று அங்கே, சாரமே இல்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பப் போடுபவருக்கு எதிராக நீதிமன்றம் மூன்று படிநிலைகளில் தடையாணை பிறப்பிக்க முடியும். சென்னை மாகாணமும் 1949இல் தனக்கென ஒரு தடுப்புச் சட்டம் செய்துகொண்டது. அதன்படி அரசுத் தலைமை வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணமின்றி ஒருவர் வழக்கமாகவே அலைக்கழிப்பு வழக்குகளைத் தொடுக்கிறார் என்று தெரிந்தால், அவர் தரப்பையும் கேட்ட பிறகு, முன் அனுமதி இல்லாமல் இனி உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் ஆணையிடலாம். சென்னை நகருக்குள் அந்த அனுமதியை உயர் நீதிமன்றம் தர வேண்டும். வெளியூர்களில் மாவட்ட, அமர்வு நீதிபதி. ஏற்காட்டுக்காரருக்கு அவர் சேலத்தில் இருக்கிறார்.

நீதிமன்றத்தை நாடும் உரிமையையே இது பறிக்கிறது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965இல் அந்நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. காரணம் எளிது: கதவு பூட்டப்படவில்லை, முகாந்திரம் கேட்கப்படுகிறது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமோ மெய்ப்பிதழ் கொடுத்த பிறகு பிற்கால உயில் ஒன்று கிடைப்பதை ரத்துக்கான நியாயமான காரணங்களுள் ஒன்றாகக் காட்டுகிறது. தடையாணைக்கு உட்பட்ட அண்ணனே ஆனாலும், அப்பா பின்னாளில் எழுதிய இன்னோர் உயிலை உண்மையிலேயே பெட்டியிலிருந்து கண்டெடுத்து வந்தால், அந்த மனுவை அலைக்கழிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.