மடக்குக் கத்தி எந்தப் பக்கம் மடங்கும்?

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் தடவிப் பார்ப்பது அதன் கூர்மையைத்தான். கூர்மையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு சாணைக்கல்லும் கால் மணி நேரமும் போதும். பிறகு மாற்றவே முடியாதது வேறொன்று: எந்தப் பக்கமிருந்து விசை விழுந்தால் கத்தி தாங்கும், எந்தப் பக்கமிருந்து விழுந்தால் மடங்கி விரலை வெட்டும் என்பது. பூட்டுள்ள மடக்குக் கத்தி வாங்குவதா, குறடும் திருப்புளியும் சேர்ந்த மல்டி டூல் வாங்குவதா என்று யோசிப்பவர் இந்த விசைக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கயிறு அறுக்கும்போதும் கொய்யாப்பழம் நறுக்கும்போதும் விசை கூர்ப்பக்கத்தில் விழுகிறது. அது அலகை மேலும் திறக்கப் பார்க்கும். ஆனால் முழுக்கத் திறந்த அலகின் அடிப்பகுதி பிடிக்குள் இருக்கும் ஒரு தடுப்பில் முட்டி நிற்பதால் அதற்குமேல் நகர இடமில்லை. எனவே பூட்டே இல்லாத பேனாக்கத்திகூட இந்த வேலைகளில் உறுதியாக நிற்கும். முதுகுப் பக்கம் விசை விழும்போதுதான் ஆபத்து. சொட்டுநீர்க் குழாயில் முனையால் குத்தித் துளைபோடும்போது மணிக்கட்டு சற்றுச் சாய்ந்தாலே விசை முதுகுக்குத் திரும்பிவிடும். காய்ந்த கட்டையில் சிக்கிய அலகை மேலும் கீழும் ஆட்டி எடுக்கும்போது, ஆட்டத்தில் பாதி முதுகில்தான் விழுகிறது.

பேனாக்கத்தியிலும் சுவிஸ் கத்தியிலும் அலகைப் பிடித்து வைத்திருப்பது பிடியின் முதுகோடு ஓடும் ஒரு பட்டை ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதியைத் தட்டையான பக்கங்கள் வரும்படி வெட்டியிருப்பார்கள். அந்தத் தட்டைப் பக்கம் ஸ்பிரிங்கில் படியும்போது அலகு நிற்கும். மூடுவதென்றால் அதன் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். இது வெறும் தடைதான், பூட்டு ஆகாது. எவ்வளவு தடை என்று அறிய அளவுகோல் ஏதும் தேவையில்லை. நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுத்துத் திறக்க முடிகிற கத்தி அதே அளவு விசையில் மூடவும் செய்யும். நகப் பள்ளத்தைவிட முனை, அலகு சுழலும் அச்சாணியிலிருந்து தள்ளி இருப்பதால், முனையில் அதைவிடக் குறைந்த விசையே போதும்.

கணக்காகவே பார்ப்போம். முனை அச்சாணியிலிருந்து 70 மி.மீ. தொலைவு. அங்கே முதுகுப் பக்கம் 2 கிலோ அழுத்தம் விழுகிறது என்றால் திருகுவிசை 140 கிலோ-மி.மீ. ஸ்பிரிங் அலகைத் தொடும் இடமோ அச்சாணியிலிருந்து 4 மி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. அங்கே 35 கிலோ தாங்கினால்தான் கத்தி மூடாது. நகத்தால் திறக்கும்படி செய்த மெல்லிய ஸ்பிரிங் இதைத் தாங்காது. தாங்கும் அளவுக்கு விறைப்பாகச் செய்தால் அந்தக் கத்தியை நகத்தால் திறப்பதே பெரும்பாடாகிவிடும்.

பூட்டுள்ள கத்தி இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. இன்று அதிகம் விற்பது லைனர் லாக். பிடியின் உட்புறத் தகட்டில் ஒரு நாக்கு வெட்டி உள்பக்கம் வளைத்திருப்பார்கள். அலகு முழுக்கத் திறந்ததும் நாக்கு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடிப்பகுதிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்ளும். இனி அலகு மூட வேண்டுமென்றால் அந்த எஃகு நாக்கை அதன் நீளவாக்கில் நசுக்க வேண்டும். மேலே சொன்ன 140 கிலோ-மி.மீ. திருகுவிசைக்கு, தொடும் இடம் 6 மி.மீ. தொலைவில் இருந்தால், நாக்கில் விழுவது ஏறத்தாழ 23 கிலோ. ஒன்றரை மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டுக்கு அது பெரிய சுமையல்ல.

நாக்கு தொடும் அந்த அலகு முகத்தைக் கொஞ்சம் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். பெரும்பாலும் 7 முதல் 10 பாகை. மம்பட்டிக் காம்பில் அடித்த ஆப்பு போல நாக்கு அந்தச் சாய்வில் இறுகிக்கொள்ளும். தேய்மானம் வந்தாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து ஆட்டமில்லாமல் நிற்கும். ஆப்பு தானாக நழுவாமல் இருக்க ஒரு நிபந்தனை உண்டு: சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைவிட, உராய்வின் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் கெழு அதிகமாக இருக்க வேண்டும். 8 பாகைக்கு அந்த மதிப்பு 0.14. உலர்ந்த எஃகின்மேல் எஃகு உரசும்போது உராய்வுக் கெழு 0.2-க்கு மேலேயே இருக்கும். எண்ணெய் பட்டால் 0.1 அளவுக்குக்கூட இறங்கிவிடும். அதனால்தான் பூட்டு முகத்தில் எண்ணெய் விடக் கூடாது என்கிறோம். கத்தியைப் பராமரிக்கிறோம் என்று நினைத்து மொத்தமாக எண்ணெயில் குளிப்பாட்டுவோர், தெரியாமலே பூட்டின் பிடிமானத்தைக் குறைக்கிறார்கள். ஒரு துளி அச்சாணிக்கு மட்டும். பூட்டு முகத்தைத் துணியால் ஒற்றி உலர வைக்க வேண்டும்.

முதுகில் பூட்டுள்ள வகையில் ஒரு நெம்புப் பட்டையின் கொக்கி அலகின் பள்ளத்தில் விழும். இது லைனரைவிட வலுவானது என்று பலர் சொல்வது ஓரளவு சரி. ஆனால் பள்ளத்தில் பஞ்சோ மண்ணோ அடைத்தால் கொக்கி முழுக்க இறங்காது. இறங்காதது கண்ணுக்கும் தெரியாது. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தி இன்னும் எளிமையானது. 1890 முதல் செய்யப்படும் அந்த மரப்பிடிக் கத்தியில் 1955-இல் ஒரு சுழலும் வளையம் சேர்ந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு வந்த வழி அடைபடும். அதன் 8-ஆம் எண் கத்திக்கு அலகு 8.5 செ.மீ. எடையும் மிகக் குறைவு. வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டு இல்லாத கத்திதான் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பிடி ஊறி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். நிழலில் காயவைத்தால் சரியாகிவிடும்.

எந்தப் பூட்டானாலும் விரலை அலகு மூடும் பாதையில் வைத்து வேலை செய்யக் கூடாது. பூட்டு இரண்டாவது காவல்தான். முதல் காவல் கை வைக்கும் முறை.

இனி மல்டி டூல். இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று சுவிஸ் வழி. கார்ல் எல்சனர் 1884-இல் தொடங்கிய பட்டறை 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. இன்று நாம் காணும் அதிகாரிகள் கத்தி 1897-இல் பதிவானது. இதன் சாமர்த்தியம் ஒரே ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் வெவ்வேறு கருவிகளை நிறுத்துவது. அதனால்தான் 91 மி.மீ. நீளத்துக்குள் இத்தனை கருவிகள் அடங்குகின்றன. இந்த வகையில் பெரும்பாலான மாதிரிகளில் அலகுக்குப் பூட்டு இல்லை. இன்னொன்று அமெரிக்க வழி. டிம் லெதர்மேன் 1983-இல் விற்கத் தொடங்கிய, குறட்டை நடுவில் வைத்து மடக்கிய கருவி. இதன் பெரிய மாதிரிகளில் அலகுகளுக்கும் லைனர் பூட்டு உண்டு. விலை கூடும், எடையும் கூடும்: லெதர்மேன் வேவ் ஏறத்தாழ 240 கிராம், எளிய சுவிஸ் கத்தி 60 கிராமுக்கு அருகில்தான். வேட்டி மடிப்பிலோ சட்டைப் பையிலோ 240 கிராம் தங்காது. இடுப்பு உறை வேண்டும்.

குறடு உள்ள மல்டி டூலை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது குறட்டைத்தான் என்பது எங்கள் துணிபு. கைப்பிடி அச்சிலிருந்து 80 மி.மீ., வாயின் நுனி 30 மி.மீ. என்றால் கை கொடுக்கும் 20 கிலோ பிடி நுனியில் 53 கிலோ ஆகும். அச்சுக்கு அருகே 8 மி.மீ. தொலைவிலுள்ள வெட்டுவாயில் அதுவே 200 கிலோ. கட்டுக்கம்பி, செப்புக் கம்பி, வேலியின் மெல்லிய ஜி.ஐ. கம்பி எல்லாம் வெட்டுப்படும். ஸ்பிரிங் கம்பியையும் சைக்கிள் ஆரக்கம்பியையும் வைத்து அழுத்தினால் கம்பிக்குப் பதில் வெட்டுவாயில் பிறை வடிவப் பள்ளம் விழும். அதைச் சீராக்க வழியில்லை. நட்டுகளைக் குறடால் திருகினால் மூலை மழுங்கும், அதற்கு ஸ்பேனர்தான்.

திருப்புளியிலும் ஒரு குறை உண்டு. சாதாரணத் திருப்புளியின் முனை கைப்பிடியின் நடுக்கோட்டில் இருக்கும். மல்டி டூலில் அது ஓரமாக மடிந்து வருவதால் கை திருகும் அச்சும் திருகாணியின் அச்சும் வேறு வேறு. இறுகிய திருகாணியில் முனை ஏறி நழுவுவது இதனால்தான். சுவிஸ் கத்தியின் பாட்டில் திறப்பானைப் பாதி மட்டும் திறந்து செங்கோணத்தில் நிறுத்தலாம். அப்போது பிடி முழுவதும் நெம்புகோலாகி இறுகிய திருகாணியும் அசையும். பலருக்கு இது தெரிவதில்லை.

கிணற்று மோட்டார் உள்ள விவசாயிகளுக்கு ஒரு எச்சரிக்கை. மல்டி டூலின் கைப்பிடி வெறும் எஃகு, அதில் மின்காப்பு கிடையாது. மும்முனை ஸ்டார்ட்டர் பெட்டியில் 415 வோல்ட் ஓடும். மெயினை இறக்கி, டெஸ்டரால் மூன்று முனையும் பார்த்த பிறகும் அந்தப் பெட்டிக்குள் காப்புறை உள்ள கட்டிங் பிளேயரே போக வேண்டும். மல்டி டூல் வெளியே குழாய், கிளாம்ப், வேலி வேலைக்கு.

மதுரைப் பக்கம் மடக்குக் கத்தியைக் கெடுப்பவை இரண்டு: தூசியும் கறையும். வைகை மணலிலும் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் தூசியிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. கத்தி எஃகைவிடக் கூடுதல். அச்சாணிக்குள் நுழைந்த ஒரு சிட்டிகைத் தூசி ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் எஃகைத் தேய்க்கும். எண்ணெய் அதிகமானால் தூசி இன்னும் ஒட்டும். மாதம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். எல்லாக் கருவிகளையும் நீரிலேயே நாலைந்து முறை திறந்து மூடி, வெயிலில் உலர்த்தி, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடவும். பழம் வெட்டும் கத்தியென்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும், வேண்டாம்.

வாழைக்காயின் கறையிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருநீலமாகும். புளியின் அமிலம் அரிக்கும். கார்பன் எஃகு கத்தி இதில் ஒரே நாளில் கறுத்துவிடும். கறுப்பு கெடுதலல்ல, சிவந்த துருதான் கெடுதல். குரோமியம் 12 சதவீதத்துக்கு மேலுள்ள துருப்பிடிக்கா எஃகில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வியர்வை உப்பு பையிலேயே ஊறும் ஊரில் அன்றாடக் கத்திக்கு அதையே பரிந்துரைக்கிறோம். கூர் ஏற்றுவது இரண்டுக்கும் ஒன்றுதான்: அலகின் அகலம் 20 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. தூக்கினால் 15 பாகை, 7 மி.மீ. தூக்கினால் 20 பாகை. பழம், கயிறு என்றால் முதலாவது. சாக்கு, பிளாஸ்டிக் குழாய் என்றால் இரண்டாவது.

சில வேலைகளுக்கு இரண்டுமே வேண்டாம். இளநீரும் வாழைத்தாரும் வெட்ட அருவாள் இருக்கிறது. திருப்பாச்சேத்திக் கொல்லர்கள் அடித்த ஒரே துண்டு எஃகின் வேலையை ஒரு சிறிய அச்சாணியிடம் கேட்பது நியாயமல்ல. நத்தம், அழகர்கோவில் பக்கம் மா ஒட்டுக் கட்டுவோருக்கு ஒருபக்கம் மட்டும் தீட்டிய ஒட்டுக்கத்தி தேவை. 4 செ.மீ. நீளமுள்ள ஆப்பு வெட்டு சமதளமாக வந்தால்தான் இரு பட்டைகளின் உட்படலமும் ஒட்டும். இருபக்கம் தீட்டிய அலகு வெட்டை வளைத்துவிடும்.

சொட்டுநீர், சாக்கு, தோல் என்று முனையால் குத்தும் வேலை தினமும் இருந்தால் பூட்டுக் கத்தி. வண்டி, பம்பு, வேலி என்று பிடித்துத் திருகும் வேலை அதிகமென்றால் அலகுக்கும் பூட்டுள்ள குறட்டு மல்டி டூல். பழம், நூல், பார்சல் மட்டும்தான் என்றால் பூட்டில்லாத சிறு சுவிஸ் கத்தியே நிறைவு. மற்றவை வீண் செலவு.

கடையில் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். அலகைத் திறந்து வெளிச்சத்தில் பூட்டைப் பாருங்கள். நாக்கு அலகு முகத்தின் கால்பங்கு முதல் பாதிவரை தொட்டு நிற்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டால் நழுவும். புதிதிலேயே எதிர் ஓரம் வரை போயிருந்தால் தேய்வதற்கு இடம் மிச்சமில்லை. பிறகு விரல்களைப் பிடியின் இருபுறமும் மட்டும் வைத்து, முதுகை மரமேசையில் மெதுவாக அழுத்துங்கள். ஓங்கித் தட்ட வேண்டாம். அது நல்ல பூட்டையும் கெடுக்கும். பக்கவாட்டில் அசைத்தால் ‘டிக் டிக்’ என்று ஆட்டம் தெரிந்தால் வேறு கத்தி கேளுங்கள்.

ஆயுத விதிகளின் அட்டவணையில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. பாக்கெட் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் திருவிழாக் கூட்டத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. விமானத்தில் போவதென்றால் கைப்பையில் எந்தக் கத்தியும் ஏறாது. உறையில் போட்டு, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.